நீர்நாய்க்கு நாய் மருந்து கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெயரில் 'நாய்' இருப்பதுதான் முதல் தொல்லை. போன மாதம் கொள்ளிடத்தில் தங்கூசி வலையில் ஒரு நீர்நாய்க் குட்டி மாட்டிக்கொண்டது, முன்காலில் வலை அறுத்து ஆழமான காயம். சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள், கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. ஒருவர் பசும்பாலைச் சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் பீய்ச்ச, மூக்கு வழியாக நுரை வந்தது. இன்னொருவர் தன் வீட்டு நாய்க்கு வாங்கிய மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டார். வனத்துறை வண்டி வருவதற்குள் குட்டி செத்துவிட்டது. எல்லாம் பாவம் பார்த்துச் செய்ததுதான், யாரையும் திட்டுவதற்கில்லை.

ஆனால் நீர்நாய் நாய் இனமே இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் வாழும் நீலகிரி மார்ட்டென் என்ற சிறு பிராணியின் உறவு. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வராமல் நாய்க்குப் போடும் தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வலுக் குறைத்த உயிர் வைரஸில் செய்த ஊசி அது. 1970களில் அமெரிக்காவில் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த கருங்கால் ஃபெரெட் என்ற சிறு பிராணிகளுக்கு அந்த மாதிரி ஊசி போட்டு, ஊசியாலேயே நோய் வந்து செத்தன. ஊசி போட்டுவிட்டோம், இனி பயமில்லை என்று இருந்தால் என்ன ஆகும் பாருங்கள்! உயிர் டிஸ்டெம்பர் வைரஸ் இல்லாத வேறு வகை ஊசியும் இருக்கிறது, எதைப் போடுவது என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மயக்க மருந்தும் அப்படித்தான். யானைக்குச் சுடுவதுபோல் தூரத்திலிருந்து சுட்டால், மருந்து ஏறுவதற்குள் தண்ணீரில் பாய்ந்து மூழ்கிவிடும். அதனால் கூண்டிலோ வலையிலோ பிடித்த பிறகுதான் கெட்டமின், மெடிடோமிடின் ஊசி, வேலை முடிந்ததும் தெளிய வைக்க அட்டிபமெசோல். மயக்கத்தில் உடம்புச் சூடு ஏறிவிடும் என்பதால் தெர்மாமீட்டரை விட்டு நகரவே கூடாது. அப்புறம், காயம் ஆறும்வரை பட்டினி போடவும் முடியாது, சாப்பிட்டது சீக்கிரம் செரித்துவிடும் பிராணி.

இதையெல்லாம் ஆற்றோரத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆடு மாடு பார்க்கிற டாக்டர் தனியாகச் சமாளிக்க வேண்டும் என்பது நியாயமில்லை. காவிரி, கொள்ளிடக் கரை மருந்தகங்களுக்கு ஒரே ஒரு பக்கத்தில் மருந்து அளவுக் குறிப்பும், நள்ளிரவிலும் எடுக்கிற வனக் கால்நடை மருத்துவரின் போன் நம்பரும் கொடுத்தால் போதும். மீனவர்களுக்கு அதுகூட வேண்டாம். கதகதப்பாக, இருட்டாக வை, வாயில் எதையும் ஊற்றாதே, வனத்துறைக்குப் போன் போடு என்று படித்துறையில் ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள்.

ஒரு வாசகர்,
திருவையாறு