அமிலம் எங்கே?

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மயில்துத்தம்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. போன மாதம் பஸ் நிலையத்தில் குடுவை சாரைப் பார்த்தேன். "அந்த நீலச் சேலைக்காரி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். இன்னும் அதே சேலையைத்தான் கட்டுகிறாள் என்று சொல்லிவைத்தேன். வீட்டுச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

வியாழக்கிழமை பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆய்வகம். ஒரு பெண் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் சோடியம் கார்பனேட் கரைசலை ஊற்றிவிட்டு, "டீச்சர், நுரைத்துப் பொங்குகிறது" என்றாள். "அமிலம் எங்கே ஊற்றினாய்?" என்று கேட்க வாயெடுத்தேன். சொல் வெளியே வரவில்லை. இதே கேள்வியை 16 வருடங்களுக்கு முன் ஒரு பையனிடம் கேட்டது நினைவுக்கு வந்துவிட்டது.

தேவனாம்பட்டினத்துப் பையன். அதே இரண்டு கரைசல்களைக் கலந்துவிட்டு, பழுப்பு வீழ்படிவோடு "நுரை வந்தது" என்றும் எழுதியிருந்தான். கார்பனேட் பொங்க அமிலம் வேண்டும், நீ அமிலமே சேர்க்கவில்லையே என்று சிவப்பு மையால் அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு எந்த ஆய்வக நாளிலும் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

வியாழன் மாலை எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இருந்து செய்து பார்த்தேன். பாட்டிலில் இருக்கும் கரைசல் கலங்காமலிருக்கச் சிறிது அமிலம் சேர்த்து வைப்பது வழக்கம். நுரைக்கு அதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம். அதனால் திட ஃபெர்ரிக் குளோரைடை வாலை வடிநீரில் புதிதாகக் கரைத்தேன். நீல லிட்மஸ் சிவந்தது. கார்பனேட் விட்டதும் பொங்கியது. வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினேன். பால் போல ஆனது, கார்பன் டை ஆக்சைடுதான். அடுத்த குழாயில் என் பட்டப்பெயருக்குரிய அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட். அதில் பச்சை வீழ்படிவு விழுந்ததே தவிர ஒரு குமிழிகூட இல்லை. இரண்டும் இரும்புதான். ஃபெர்ரிக்குக்கு ஒரு மின்சுமை கூடுதல், அவ்வளவே.

அந்தப் பையன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான், அடி. அமிலம் அங்கேயே இருந்திருக்கிறது. இரும்பு அயனியைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் என்று கரும்பலகையில் வருடா வருடம் படம் வரைகிறோம். உலோக அணுவைச் சுற்றி ஆறு இடங்கள் என்று வேதியியலாளர் வெர்னர் 1893இல் சொன்னபோது அவருக்கு வயது 26 என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அடுத்த நிமிடம் சமன்பாடு எழுதும்போது அந்த ஆறு நீரையும் அழித்துவிட்டு வெறும் இரும்பு அயனி என்று சுருக்கிவிடுகிறோம். அந்த நீரில்தானே எல்லாம் இருக்கிறது! மூன்று நேர்மின்சுமையோடு சின்னதாக இருக்கும் அயனி ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜன் மேல் பிடி தளர்கிறது. ஹைட்ரஜன் அயனி கழன்று கார்பனேட்டிடம் போகிறது. அமிலம் செய்வதும் அதைத்தானே. ஃபெரஸ் அயனிக்குச் சுமையும் குறைவு, உருவமும் சற்றுப் பெரியது. அந்த இழுப்பு அதற்கு இல்லை. கணக்குப் பார்த்தால், நீர் சூழ்ந்த ஃபெர்ரிக் அயனியின் பி.கே.ஏ. மதிப்பு (இது குறையக் குறைய அமிலம் வலியது) ஏறக்குறைய 2.2. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. வினிகரைவிட வலிய அமிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமிலம் எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

உன் பட்டப்பெயரையும் விடவில்லை. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் வெளிர்நீல வீழ்படிவு. மேலும் விட, எல்லாம் கரைந்து நம் கல்லூரி நாட்களின் அந்த அடர்நீலம். ஒரே அம்மோனியா முதலில் நீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறிக்கிறது, பிறகு அந்த நீரையே விலக்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்கிறது. இதையும் நான் "அதிகப்படியான அம்மோனியாவில் கரையும்" என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையன் இப்போது திருப்பாதிரிப்புலியூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். போன கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கழற்றியது அவன்தான். எங்கள் தண்ணீர் உனக்குத் தெரியுமே: குழாயில் கண்ணாடி போல வரும், வாளியில் ஒரு மணி நேரம் நின்றால் பழுப்பாகும், வெள்ளைத் துணி அத்தனையும் கறை. குழாய்க்குள் படிந்திருந்த பழுப்பைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்து, "இரும்புத் தண்ணீர், டீச்சர். காற்றுப் பட்டதும் இப்படி ஆகிவிடுகிறது" என்றான். ஃபெரஸ் ஃபெர்ரிக்காகி, தன் நீரிலிருந்து ஹைட்ரஜனை இழந்து, வீழ்படிவாகிறது. நான் தலையாட்டினேன். கூலி வாங்க மாட்டேன் என்றான், வற்புறுத்திக் கொடுத்தேன்.

வாயால் மன்னிப்புக் கேட்டால் "அதெல்லாம் எதற்கு டீச்சர்" என்று மழுப்பிவிடுவான். அவன் கண்ணெதிரே அதைச் செய்துகாட்டி, அன்று நீ எழுதியது சரி என்று சொல்ல வேண்டும். கடைக்கே குழாய்களை எடுத்துக்கொண்டு போகலாமா, பள்ளிக்கு அழைத்து அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாமா? வகுப்பின் முன் திட்டியதை வகுப்பின் முன்தான் திருத்த வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவனுக்கு அது கூச்சமாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. நீ யோசித்துச் சொல்.

அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வா. பாண்டியிலிருந்து ஒரு மணி நேரம், இதற்கு நாள் பார்க்காதே. வரும்போது உன் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு ஃபெர்ரிக் படிகாரம் 10 கிராம் வாங்கி வா. எங்கள் அலமாரியில் இருப்பது பழுப்பேறிக் கிடக்கிறது. நல்ல படிகம் வெளிர் ஊதாவாக இருக்கும். ஆறு நீரோடு இருக்கும் இரும்பின் சொந்த நிறம் அது. அதைக் கரைத்ததும் அந்த நீர் ஹைட்ரஜனை இழந்து மஞ்சளாவதையும், நைட்ரிக் அமிலம் விட்டதும் அதைத் திரும்பப் பெற்று மஞ்சள் வெளிறுவதையும் அவனுக்கு முதலில் காட்ட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொண்டு வா.

உன்
அன்னபேதி