ராத்திரியில் நின்றுபோகும் வாட்ச்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எனக்கும் சந்தோஷம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டதால், பழையபடி மேஜையில் உட்கார்ந்து வாட்ச் பிரிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணன் மகன் ஆசையாகக் கொடுத்த அந்த ரோலக்ஸ் சப்மரினர் காப்பி. "வெளியேதான் காப்பி, உள்ளே ஸ்விஸ் மெஷின்" என்று விற்றவர் சொன்னாராம். அப்படியென்றால் ராத்திரி கழற்றி வைத்தால் காலையில் ஏன் நிற்கிறது என்று கேட்டிருக்கிறாய்.

அவர் சொன்னதை நம்பாதே. ஸ்விட்சர்லாந்தின் ஈடிஏ நிறுவனம் தன் மூவ்மென்ட்களை, அதாவது வாட்ச் உள்ளே ஓடுகிற மெஷின்களை, வெளியாருக்கு விற்பதைப் பல வருடங்களுக்கு முன்பே குறைத்துக்கொண்டது. முறையாக வாட்ச் செய்கிற கம்பெனிகளே அதற்குத் திண்டாடின. காப்பி போடுகிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்து கிடைக்கும்? 'ஸ்விஸ் ஈடிஏ' என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் ஈடிஏ 2824-2 மூவ்மென்ட்டின் சீன வடிவம். அந்த வடிவத்தைச் செய்வதில் தவறு ஒன்றும் இல்லை, அதன் காப்புரிமை காலாவதியாகி நாளாகிறது. ஸ்விட்சர்லாந்திலேயே செல்லிட்டா அதே அமைப்பில் எஸ்டபிள்யூ200 என்று செய்கிறது. சீனாவில் சீகல் கம்பெனியின் எஸ்டி2130 இருக்கிறது.

விலை குறைந்த காப்பிகளில் அதுகூட இருக்காது. டிஜி2813 என்று ஒன்று, மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. உண்மையான சப்மரினரும் 2824 வகையும் மணிக்கு 28,800, விநாடிக்கு 8. உன் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, விநாடி முள் ஒரு விநாடியில் எத்தனை தடவை தாவுகிறது என்று எண்ணிப் பார். பின்மூடியைத் திறக்காமலே பாதி தெரிந்துவிடும்.

ஆனால் வேகமாகத் துடித்தால் மட்டும் நல்ல மூவ்மென்ட் ஆகிவிடாது. தெரிந்தவர் ஒருவர் இதே மாதிரி ஒரு காப்பியைக் கொண்டுவந்தார், உள்ளே 2824 வகைதான். சக்கரங்களைத் தாங்குகிற பாலங்களையும் சக்கரங்களையும் மோசம் என்று சொல்ல முடியாது, ஒழுங்காகவே வெட்டியிருந்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. எண்ணெய் அவசியம் வேண்டிய இடம் பேலட் கற்களின் முனை, துடிப்புக்குத் துடிப்பு சக்கரத்தைப் பிடித்து விடுகிற சின்னக் கற்கள் அவை. அது வறண்டு கிடந்தது. எண்ணெய் வரவே கூடாத தட்டின்மேல் பளபளவென்று பரவியிருந்தது. ஒரு பாலத்தில் யாருடைய விரல் ரேகையோ உலோகத்தை அரித்துப் பதிந்திருந்தது. தேதிச் சக்கரத்துக்கு அடியில் துணி நூல் ஒன்று. துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கிற டைம்கிராஃபர் கருவியில் வைத்தால், முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 200 டிகிரி பக்கத்தில்தான் நின்றது. நல்ல நிலையில் இருக்கிற மூவ்மென்ட் முழுச் சாவியில் 270-லிருந்து 310 வரை ஆடும். முழுதாகப் பிரித்து, கழுவி, பேலட் கற்களுக்கு மோபியஸ் கம்பெனியின் வாட்ச் எண்ணெய்களில் 9415, வேகமாகச் சுழல்கிற சக்கரங்களின் முனைகளுக்கு 9010 வைத்து மறுபடி பூட்டினேன். அதே மூவ்மென்ட் 270-ஐத் தாண்டியது!

இதைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன் சேகர். குறை வடிவத்தில் இல்லை, பூட்டிய கையில் இருக்கிறது. எத்தனை வாட்ச் முடித்தாய் என்று மட்டுமே கேட்கிற இடத்தில், யாரும் பார்க்கப்போகாத கல்லுக்கு எண்ணெய் வைக்க யார் மெனக்கெடுவார்கள்?

உன் வாட்ச் நிற்பதற்கு என் சந்தேகம் ரிவர்சிங் சக்கரங்கள் மேல். கை அசையும்போது உள்ளே சுழல்கிற எடைத் தகடுதான் ரோட்டார்; அது எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் முறுக்கேறும்படி மாற்றிக் கொடுக்கிற சின்னச் சக்கரங்கள் இரண்டு. அவை வறண்டாலும் சிக்கல், எண்ணெய் அதிகமானாலும் சிக்கல், பல் சரியாகப் பிடிக்காது. நாள் முழுக்கக் கட்டியிருந்தும் ஸ்பிரிங் அரைகுறையாகத்தான் ஏறும். பக்கவாட்டில் இருக்கிற சாவிக் குமிழை, அதாவது கிரவுனை, திருகித் தளர்த்தி, கையால் மெதுவாகச் சாவி கொடுத்துப் பார். உள்ளே ரோட்டாரும் சேர்ந்து விர்ரென்று சுற்றுகிற மாதிரி கேட்டால் சந்தேகம் உறுதி, உடனே நிறுத்திவிடு. சத்தம் இல்லையென்றால் முழுதாகச் சாவி கொடுத்து அசையாமல் வை. 2824 வகை ஏறக்குறைய 38 மணி நேரமாவது ஓட வேண்டும். ஓடிவிட்டால், குறை, கட்டியிருக்கும்போது தானாக ஏறாத சாவிதான். அப்புறம், டயலில் 300 மீட்டர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தண்ணீரில் இறக்கிவிடாதே. தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பர் வளையங்களை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உன் அண்ணனின் அறுபதுக்கு ரோலக்ஸ் டேடோனா காப்பி ஒன்று வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். தயவுசெய்து வேண்டாம். காப்பிகளிலேயே அதிகம் பழுதாவது டேடோனா மாதிரி ஸ்டாப்வாட்ச் சேர்ந்த குரோனோகிராஃப்தான். பெரும்பாலும் உள்ளே இருப்பது 1970-களில் வந்த வால்ஜூ 7750 மூவ்மென்ட்டின் சீன வடிவம். 7750-இல் எப்போதும் ஓடுகிற சின்ன விநாடி முள் 9 மணி இடத்தில் இருக்கும். இப்போதைய டேடோனாவில் அது 6 மணி இடத்தில். முகம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக நடுவில் கூடுதல் சக்கரங்களைச் செருகி முள்ளை இடம் மாற்றுகிறார்கள். சக்கரம் கூடக் கூட உராய்வு கூடும், வீச்சு குறையும். நல்ல 7750 உழைக்கிற மாடு மாதிரி, வருடக்கணக்கில் ஓடும். அதற்கு வேறொருவர் முகத்தை மாட்டப் போய்த்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

'சூப்பர் குளோன்' என்று இப்போது அடிபடுகிற பேரை நீயும் கேட்டிருப்பாய். ரோலக்ஸ் 1988-இல் கொண்டுவந்த 3135, 2015-இல் வந்த 3235 ஆகிய மூவ்மென்ட்களையே பாகம் பாகமாகப் பார்த்துச் செய்வது. நன்றாகத்தான் செய்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். வாங்கிய அன்று டைம்கிராஃபரில் நாளுக்கு 3 விநாடி வேகம் என்றுகூடக் காட்டும். ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழுக்கே மைனஸ் 4-லிருந்து பிளஸ் 6 வரை அனுமதி உண்டு. ஆனால் டைம்கிராஃபர் காட்டியது ஒரு நாள், ஒரு நிலையில் எடுத்த அளவு. இரண்டு வருடம் கழித்து ஒரு சக்கரம் தேய்ந்தால் மாற்றுச் சக்கரம் எங்கே தேடுவாய்? ரோலக்ஸ் சர்வீஸ் சென்டர் போலியைத் தொடாது. ஒரிஜினல் பாகம் அதில் அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்னொரு குளோனை வாங்கிப் பிரிப்பதுதான் வழி. விற்பதே சட்டப்படி குற்றம், வழியில் சுங்கத்துறை பிடித்தால் பணமும் போச்சு.

எனக்குக் கோபம் அந்தச் சீனத் தொழிலாளிகள் மேல் இல்லை. அதே கைகள் செய்த மூவ்மென்ட், சொந்தப் பெயர் போட்ட வாட்ச்களில் கேரண்டியோடு வருகிறது. இல்லையென்றால் ஜப்பான் கம்பெனியான சீகோவின் என்ஹெச்35 மூவ்மென்ட்டை எடுத்துக்கொள். நாளுக்கு மைனஸ் 20-லிருந்து பிளஸ் 40 விநாடி வரை போகலாம் என்று கம்பெனியே வெளிப்படையாக எழுதுகிறது, நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும். பாகம் கிடைக்கும், எந்த வாட்ச்காரரும் தயங்காமல் பிரிப்பார். அந்த நேர்மைக்குக் காசு கொடுக்கலாம்.

அண்ணனுக்கு அப்படி ஒன்று பார்ப்போம். அவர் மணிக்கட்டின் சுற்றளவை நூலால் அளந்து எழுது. கறுப்பு டயலா வெள்ளையா, தேதி வேண்டுமா என்பதையும் நைசாகக் கேட்டு வை. நான் இரண்டு மூன்று பொறுக்கி எழுதுகிறேன். உன் வாட்சை அந்த ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து முடித்ததும் பத்திரமாகச் சுற்றி எனக்கு அனுப்பிவை. பையன் ஆசையாகக் கொடுத்தது, கழுவி எண்ணெய் வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
ரகு