ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு

நேற்று சாயங்காலம் கடைசிப் பெட்டி ஃபேஸ் ஷீல்டும் (முகத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் தடுப்பு) ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் கொரோனா ஊரடங்கில் என்ன நிலைமையில் செய்தோம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தூங்கப் போகுமுன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோரிப்பாளையம் பின்தெரு ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு. தலைப்பட்டையை அச்சடிக்க எங்களிடம் 3டி பிரிண்டர்கள் இருந்தன. முன்னால் மாட்டுகிற ஓ.எச்.பி. ஷீட்தான், அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்தான், எங்கும் இல்லை. அண்ணன் பாதி ஷட்டரைத் தூக்கி, இருந்த பழைய ஸ்டாக்கை அப்படியே கொடுத்தார். காசு வாங்கவில்லை. "காலேஜே இல்ல, இதை யாரு தம்பி வாங்கப் போறா?"

பட்டையில் ஷீட்டை மாட்ட 8 செ.மீ. இடைவெளியில் நான்கு முளைகள். சாதாரண பஞ்சிங் மெஷினின் இரண்டு ஓட்டைகளுக்கும் அதே இடைவெளிதான், இருமுறை குத்தினால் போதும். ஆனால் கை கொஞ்சம் நகர்ந்தாலும் ஷீட் கோணிக்கொள்ளும். இருபது ஷீட் பாழ். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி மெஷின் பக்கவாட்டில் பிரவுன் டேப்பால் ஒட்டினார். ஷீட்டை அதில் முட்டவைத்து ஒரு குத்து. திருப்பிப் போட்டு மறுபடி ஒரு குத்து. நான்கும் கச்சிதமாக உட்கார்ந்தன. அப்புறம் அந்த அட்டையை ஜெராக்ஸ் எடுத்து பத்துப் பிரதிகளைக் கையில் திணித்தார்: "வேற ஊர்ல செய்றவங்களுக்கும் குடுங்க. சரியா வரலைன்னா வெட்டி மாத்திக்கச் சொல்லுங்க."

ஓப்பன் சோர்ஸ் உரிமம், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்கிற அனுமதி, பற்றி நான் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசியதையெல்லாம் அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். நாங்கள் எடுத்த டிசைனும் அப்படி வந்ததுதான். ஸ்வீடனின் 3டிவெர்க்ஸ்தான் என்ற 3டி பிரிண்டிங் நிறுவனத்தார் டிசைன் கோப்பை இலவசமாக வெளியிட்டதோடு நிற்காமல், அமெரிக்கப் பஞ்சிங் மெஷினுக்கு ஓட்டைக் கணக்கு வேறு என்று அதற்குத் தனிக் கோப்பும் போட்டார்கள். அந்த மெனக்கெடல்தான் பெரிது. எங்கள் பிரிண்டர்களே, 2005-இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் என்ற ஓப்பன் சோர்ஸ் 3டி பிரிண்டர் திட்டத்தின் வம்சம். அவர் வரைபடத்தைப் பூட்டி வைத்திருந்தால் எங்கள் மாடியறையில் பிரிண்டர் ஏது?

விடிய விடிய பிரிண்டர் ஓட்டிய மாணவர்கள், பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழையை (ஃபிலமென்ட்) கடன் தந்தவர்கள், பால் வண்டியில் பெட்டி ஏற்றிய தம்பி, கரண்ட் பில்லைப் பார்த்தும் வாய் திறக்காத அப்பா, எல்லோருக்கும் நன்றி.

அட்டையின் அளவை இனி எங்கள் கோப்போடு சேர்த்தே தருவோம்: ஷீட் ஓரத்திலிருந்து முதல் ஓட்டையின் நடுவுக்கு 28.5 மி.மீ. வடிவமைத்தவர் என்று அண்ணன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "என் பேரு எதுக்கு? கடைப் பேரைப் போடுங்க. ஸ்பைரல் பைண்டிங்கும் உண்டுன்னு சேர்த்துக்கங்க" என்றார்.

சேர்த்துவிட்டேன் அண்ணே.