கந்தளாய்ப் புல்லுக்குக் குதிரையைக் கொண்டுபோகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நிலாவெளிக் கரையில் காய்ந்த புல்லோடு கோடையைக் கழித்த குதிரையை, மாரி மழை விழுந்ததும் கந்தளாய்க் குளத்தடிக்குக் கொண்டுபோகப் போகிறீராம். தாராளமாகக் கொண்டுபோம். ஆனால் முதல் நாளே அங்குள்ள இளம் பச்சைப் புல்லில் நாள் முழுக்க அவிழ்த்து விட்டுவிடாதேயும்.

பக்கத்தில் மேயும் மாட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. மாட்டுக்குப் புல் நொதிப்பது முன்னால், இரைப்பையில். அது அசைபோடும், ஏப்பம் விடும். குதிரைக்கு நொதிப்பது பின்குடலில். அங்குள்ள நுண்ணுயிர்கள் காய்ந்த நாருக்குப் பழகியவை. இளம் புல்லின் மாவுச்சத்து திடீரென்று போய்ச் சேர்ந்தால் அமிலம் கூடும், வாயு கட்டும். குதிரைக்கு வாந்தியும் வராது. அதோடு நிற்காமல் குளம்புக்குள் இருக்கும் மென்படலம் வீங்கி, விலங்கு முடமாகலாம். கழுத்து கொழுத்த மட்டக்குதிரைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நுண்ணுயிர்கள் புது இரைக்குப் பழக இரண்டு மூன்று கிழமை பிடிக்கும்.

ஆகவே முதல் நாள் 15 நிமிடம். பிறகு நாளுக்கு 15 நிமிடம் கூட்டினால் 16ஆம் நாள் நான்கு மணித்தியாலம் வரும். விடுமுன் காய்ந்த புல் கொடும். பசியோடு போன குதிரை அள்ளித் தின்னும். 300 கிலோ உடம்புக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ காய்ந்த தீவனம் கணக்கு. மேய்ச்சல் கூடக்கூட அதைக் குறைத்துக்கொள்ளும். வைக்கோலை மட்டும் நம்ப வேண்டாம், குடலில் அடைத்துக்கொள்ளும்.

விடியற்காலையில் மேயவிடும். வெயில் ஏற ஏறப் புல்லில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து, பின்னேரம் உச்சத்துக்கு வரும். கினியாப் புல் செழித்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்: பிரேசிலின் அமேசான் பகுதியில் மழைக்காலத்தில் அதை மேய்ந்த குதிரைகளுக்குக் கடும் வயிற்றுவலி வந்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாவிட்டால், சூடடிக்கும் மாட்டுக்குக் கட்டுகிற வாய்க்கூடு மாதிரி ஒன்று கட்டலாம். தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் கடிக்கவும் இடம் விடவேண்டும்.

சாணம் இளகினால் மேயும் நேரத்தை முந்திய அளவுக்குக் குறைத்து, மூன்று நாள் அப்படியே வைத்திரும். நிலத்தைக் கிளறுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, சாணம் போடாதது எல்லாம் வயிற்றுவலி. உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடும். தினமும் குளம்புக்கு மேலேயுள்ள கணுவின் பின்புறம் விரல் வைத்துப் பாரும். நாடி மெதுவாகத்தான் தெரியவேண்டும். பலமாகத் துடித்து, குளம்பும் சுட்டு, முன்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றால் நடத்தவே வேண்டாம். மணலில் நிறுத்தி, ஐஸ் தண்ணீரில் குளம்புகளை அமிழ்த்தி வைத்துக்கொண்டு வைத்தியரைக் கூப்பிடும்.

புறப்படும்போது நிலாவெளிப் புல் மூன்று கிழமைக்குப் போதுமானதைக் கட்டி லொறியில் ஏற்றிக்கொள்ளும்.

அன்புடன்,
அண்ணன்