சென்னை பிரைவேட் ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கு: பணத்த பத்தி முதல் நாளே பேசுங்க

சென்னையில பிரைவேட் ஆஸ்பத்திரி நடத்துறவங்களுக்கும், பில்லிங் செக்ஷன பாத்துக்குற மேனேஜர்களுக்கும் வணக்கம்.

டாக்டர்ஸ் மேலயோ நர்ஸுங்க மேலயோ குறை சொல்றதுக்கு இத எழுதல, அத முதல்லயே சொல்லிடறேன். எங்கம்மா இன்னிக்கு வியாசர்பாடி வீட்டுல உக்காந்து கஞ்சி குடிக்கிறாங்கன்னா அதுக்கு ஒரு ஐசியு டீம் தான் காரணம், அவங்கள நாங்க மறக்கவே மாட்டோம். நான் பேச வந்தது பணம். உங்க கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான். ஆள உள்ள சேத்த அன்னிக்கே அந்த குடும்பத்த ஒரு பத்து நிமிஷம் உக்கார வெச்சு, இதுக்கு சுமாரா எவ்ளோ ஆகும், காப்பீட்டு கார்டு இங்க செல்லுமா செல்லாதா, செல்லாதுன்னா வேற எங்க செல்லும்னு தெளிவா சொல்லிடுங்க.

அம்மாவுக்கு கிட்னில கல்லு அடைச்சு இன்ஃபெக்ஷன் ஆகி அது ரத்தத்துல கலந்துடுச்சு, செப்சிஸ்னு சொன்னாங்க. ஏற்கனவே சுகர் வேற. பிபி இறங்கி, கூப்ட்டா திரும்பி பாக்க கூட முடியாம கெடந்தாங்க, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் பக்கத்துல எது இருக்கோ அங்க தான் ஓடுவாங்க, ரேட்டு விசாரிச்சுட்டு யாரும் போறதில்ல. கவுன்டர்ல முதல் வார்த்தையே அட்வான்ஸ். கட்டுனோம். அப்புறம் தினமும் காலைல ஒரு போன், நேத்து வரைக்கும் இவ்ளோ ஆகியிருக்கு, மத்தியானத்துக்குள்ள கட்டிடுங்கன்னு. ரெண்டு டயாலிசிஸ், வென்டிலேட்டர், ஸ்டென்ட் மாதிரி ஒரு ட்யூப், எல்லாம் சேந்து கடைசில ஒன்பது லட்சத்த தாண்டிடுச்சு. இவ்ளோ தொகைல வந்து நிக்கும்னு முதல் நாள் யாரும் ஒரு வார்த்த சொல்லல.

அம்மாட்ட முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்துச்சு. நாங்களா தான் எடுத்து நீட்டுனோம். "இங்க எடுக்க மாட்டோம்." அவ்ளோ தான் பதில், அடுத்த ஆள கூப்ட்டுட்டாங்க.

இந்த திட்டத்த பத்தி உங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. 2009ல கலைஞர் காப்பீட்டு திட்டமா ஆரம்பிச்சு, 2012ல முதலமைச்சர் பேருக்கு மாறி, 2018ல மத்திய அரசு திட்டத்தோட சேந்து இன்னிக்கு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் கெடைக்குது. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா ரேஷன் கார்டும் வருமான சான்றும் வெச்சு சேந்துக்கலாம். எந்த ஆஸ்பத்திரி எந்த சிகிச்சைக்கு லிஸ்ட்ல இருக்குன்னு 1800 425 3993க்கு போன் பண்ணா சொல்லுவாங்க. ஐசியு வாசல்ல செருப்ப கழட்டிட்டு நிக்கிற மனுஷிக்கு இந்த நம்பர் ஞாபகம் வராது சார், ஆனா உங்க கவுன்டர்ல உக்காந்திருக்குறவருக்கு தெரியும். ஒரு துண்டு பேப்பர்ல எழுதி குடுத்தா போதும். அம்மாவுக்கு பிபி ஓரளவு நின்னதும், ஆம்புலன்ஸ்ல அரசு ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னு டாக்டரே எங்க மாமா கிட்ட பேச்சுவாக்குல சொன்னாராம். ஸ்டான்லியும் சென்ட்ரல் ஜிஎச்சும் எங்களுக்கு எவ்ளோ தூரம்? ஆனா டாக்டர் சொன்னத பில்லிங்ல கேட்டா அவங்களுக்கு தெரியல, பில்லிங்ல சொன்னது வார்டுக்கு தெரியல. நடுவுல மீட்டர் ஓடிட்டே இருந்துச்சு.

மருந்து விஷயம் இன்னும் மோசம். ராத்திரி ரெண்டு மணிக்கு சீட்டு வரும், கீழ உங்க ஃபார்மஸில தான் வாங்கி மேல குடுக்கணும். மெரோபெனம்னு இன்ஃபெக்ஷனுக்கு போடற ஒரு ஊசி, பல கம்பெனி போடற மருந்து தான், உங்க பில்லுல போட்ட ரேட்டுக்கும் அதே கிராம் அளவுல வெளிய மொத்த கடையில கேட்ட ரேட்டுக்கும் பாதிக்கு மேல வித்தியாசம். வெளிய வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு "ரூல்ஸ் இல்ல"ன்னுட்டாங்க. ரூல்ஸ் எந்த பக்கம் இருக்குன்னு அப்புறம் தான் படிச்சேன். தேசிய மனித உரிமை ஆணையம் தயார் பண்ணி மத்திய சுகாதாரத்துறை 2018ல வரைவா வெளியிட்ட நோயாளிகள் உரிமை சாசனத்துலயே இருக்கு, மருந்தும் டெஸ்ட்டும் எங்க வேணா எடுத்துக்கலாம், ரேட்ட தெரியற மாதிரி போடணும், ஐட்டம் வாரியா பில்லு குடுக்கணும், பாக்கி இருக்குன்னு ஆளயோ உடம்பயோ புடிச்சு வெக்க கூடாதுன்னு. 2025 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டும் ஆஸ்பத்திரி ஃபார்மஸி விஷயத்துல மாநில அரசுகள் தான் கொள்கை வகுக்கணும்னு சொல்லிடுச்சு. அரசு வகுக்குற வரைக்கும் நீங்க ஏன் காத்திருக்கணும்?

நீங்க டிஸ்சார்ஜ் சம்மரிய கைல குடுத்ததோட உங்க கணக்கு முடிஞ்சுடுது. எங்க கணக்கு அங்க தான் ஆரம்பிக்குது, அது உங்களுக்கு தெரியணும்னு தான் இத எழுதுறேன். அம்மா தையல் வேல பாக்குறவங்க. கழுத்துல இருந்த செயினும் தங்கச்சி கல்யாணத்துக்கு சேத்த வளையலும் அடகு கடைக்கு போச்சு, மகளிர் குழுல கடன், ஒரு லோன் ஆப்புல அவங்க பேர்ல தம்பி எடுத்தது, அது பத்தாம தெருவுல ஒருத்தர்ட்ட அஞ்சு வட்டிக்கு. அதாவது ஒரு லட்சத்துக்கு மாசம் அஞ்சாயிரம் வட்டி மட்டும், அசல்ல ஒரு ரூவா குறையாது. போன் அடிச்சா அம்மா அத தலகாணிக்கு கீழ வெச்சுட்டு மூஞ்ச அந்த பக்கம் திருப்பிக்கிறாங்க. சுகர் மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாங்கன்னு ஸ்ட்ரிப்ப எண்ணி பாத்தப்போ தான் தெரிஞ்சுது. காசு மிச்சம் பண்றாங்களாம். நீங்க காப்பாத்துன உயிர் இது.

நானும் தம்பியும் உக்காந்து எல்லா கடனையும் ஒரே நோட்டுல எழுதுனோம், யாருக்கு எவ்ளோ, என்ன வட்டின்னு. நகைய அடகு கடையில இருந்து பேங்க் நகை கடனுக்கு மாத்துனோம், அதுல வட்டி குறைஞ்சதுல அஞ்சு வட்டிக்காரருக்கு அசல்லயே கொஞ்சம் கட்ட முடிஞ்சுது. மாத்திரைய இப்ப முதல்வர் மருந்தகத்துல வாங்குறோம். ரெக்கவரி ஏஜென்ட் காலைல எட்டு மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்கு அப்புறமும் கூப்ட கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லியிருக்கு, சொந்தக்காரங்கள தொந்தரவு பண்ண கூடாதுன்னும் இருக்கு, அத எடுத்து சொன்னதும் ஆப்புக்காரன் குரல் இறங்கிடுச்சு. கந்து வட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் இருக்கு. இன்னொண்ணு, இதே நெலமைல இருக்குற புள்ளைங்க யாராவது படிச்சா தெரிஞ்சுக்கட்டும், அம்மா அப்பா பேர்ல இருக்குற கடனுக்கு நீங்க ஜாமீன் கையெழுத்து போடாத வரைக்கும் உங்க சம்பளத்துல இருந்து கேக்க யாருக்கும் உரிம இல்ல. நாங்க கட்டுறது எங்கம்மாங்குறதுனால.

அந்த ஜாமீன் விஷயத்துக்காகவும் உங்கள்ட்ட கேக்கறேன். அட்மிஷன் அன்னிக்கு நீட்டுற பேப்பர் கட்டுல பாக்கிய நான் கட்டுறேன்னு ஒரு உறுதிமொழி இருக்கும், அது எதுக்குன்னு தமிழ்ல படிச்சு காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க. ரெண்டு நாளைக்கு ஒரு தடவ எஸ்டிமேட்ட மாத்தி எழுதி குடுங்க, கூடுனா ஏன் கூடுச்சுன்னு ஒரு வரி போதும். ஆள மாத்தலாம்ங்கற நெலம வந்தா டாக்டரும் பில்லிங்கும் சேந்து ஒரே இடத்துல வந்து சொல்லட்டும். இதுக்கு புது மெஷின் வாங்க வேணாம், புது பில்டிங் கட்ட வேணாம், காப்பீடும் அரசு ஆஸ்பத்திரியும் தெரிஞ்ச ஒரு ஆள ராத்திரி ஷிஃப்ட்லயும் உக்கார வெச்சா போதும். செலவ சொன்னா ஆளுங்க வேற எடத்துக்கு போயிடுவாங்கன்னு நீங்க பயப்படலாம். சில பேர் போவாங்க தான். போறவங்க கடன்காரங்களா ஆகாம பொழைக்கட்டுமே.

ஐட்டம் வாரியா பில்லு கேட்டு எழுதி குடுத்தது எங்களுக்கு இன்னும் வரல, "கன்ஸ்யூமபிள்ஸ்"னு ஒரே வரில போட்டிருக்குற தொகை எதுக்குன்னு தெரிஞ்சாகணும், அத விடப்போறதில்ல. உங்கள்ல எந்த நிர்வாகமாவது இந்த முதல் நாள் பேச்ச ஆரம்பிக்கணும்னு நெனச்சு, குடும்பத்துக்கு என்னென்ன சொல்லணும்னு கேட்டா நான் வந்து உக்கார ரெடி. பில்லு, அடகு சீட்டு, லோன் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல தான் இருக்கு, எடுத்துட்டு வரேன்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில இருந்து ஒரு பொண்ணு