கார்டைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பாம் டங்ஸ்டன் ஈ, ஐபேக் எச்2210, சையான் 5எம்எக்ஸ் என்ற மூன்று பழைய கையடக்கக் கணினிகளையும் திரும்பவும் ஓட வைக்கப் பார்க்கிறாய் என்பதே நல்ல சேதி. மூன்றிலும் மெமரி கார்டு மக்கர் பண்ணுகிறது, ஆகவே புது கார்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. கார்டைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பார். இந்தக் காலத்துக் கருவிகளில் கார்டு கோளாறு மாதிரி தெரிவதில் பெரும்பங்கு பேட்டரியிலிருந்து வருவதுதான்.

காரணம் இது. எஸ்டி கார்டுக்கு 2.7 முதல் 3.6 வோல்ட் வரை வேண்டும். கருவிக்குள் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் 3.3 வோல்ட் கொடுக்கிறது. படிக்கும்போது கார்டு அதிகம் இழுக்காது. எழுதும்போது 100 மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். பழைய லித்தியம் அயான் செல்லில் உள்தடை ஏறியிருக்கும். சும்மா இருக்கையில் 3.8 வோல்ட் காட்டுகிற செல், திரை விளக்கும் எரிந்து கார்டிலும் எழுத ஆரம்பித்தவுடன் 3.3-க்குச் சரிந்துவிடும். அப்போது ரெகுலேட்டர் தன் பங்குக்கு 3.3-ஐக் கொடுக்க முடியாது. கார்டு பாதி எழுதிய நிலையில் நிற்கும், சில சமயம் கருவியே ரீசெட் ஆகும். எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை அரைகுறையாக எழுதப்பட்டிருப்பதால் அடுத்த முறை கார்டை 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். பழி கார்டின் தலையில் விழும்.

சோதிப்பது சுலபம். சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு 20 எம்பி அளவுள்ள ஒரு கோப்பைக் கார்டுக்கு நகலெடு. பிறகு சார்ஜரைக் கழற்றிவிட்டு, திரை விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்து, அதே கோப்பை மறுபடி நகலெடு. முதலாவது சரியாக முடிந்து இரண்டாவது கெட்டால், சந்தேகத்தைப் பேட்டரி மேல் வை. மல்டிமீட்டர் இருந்தால் நகலெடுக்கும்போதே பேட்டரி முனைகளில் அளந்து பார். சும்மா இருக்கும்போது எடுக்கிற அளவை நம்பாதே. அது எதையும் சொல்லாது.

பேட்டரி சரி என்று தெரிந்த பிறகு கார்டுக்கு வருவோம். இங்கே கொள்ளளவுதான் முதல் சிக்கல். கடையில் இன்று கிடைப்பது எல்லாம் பெரிய கொள்ளளவுள்ள பிந்தைய எஸ்டி வகைகளான எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎச்சி தரம் வந்தது 2006-இல். உன் பாமும் ஐபேக்கும் 2003-ஐச் சேர்ந்தவை. பழைய எஸ்டி கார்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் முகவரி. எஸ்டிஎச்சியில் 512 பைட் கொண்ட தொகுதிக்கு ஒரு முகவரி. கார்டைத் தொடங்கி வைக்கும் கட்டளையிலேயே வித்தியாசம் இருப்பதால் பழைய கருவிக்கு எஸ்டிஎச்சி கார்டு கண்ணிலேயே படாது. எப்படி ஃபார்மேட் செய்தாலும் பயனில்லை. 32 ஜிபி கார்டில் 1 ஜிபி மட்டும் பிரித்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய், அதுவும் நடக்காது.

சரி, 2 ஜிபி சாதாரண எஸ்டி கார்டு போடலாமா? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கார்டு தன் கொள்ளளவை மூன்று எண்களின் பெருக்கலாக உள்ளே குறித்து வைத்திருக்கும். தொகுதி நீளம் 512 பைட் என்றால் அந்தப் பெருக்கல் 1 ஜிபியைத் தாண்ட முடியாது. 2 ஜிபி கார்டு அதனால் தன் தொகுதி நீளத்தை 1024 என்று அறிவிக்கும். 512 என்றே எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட பழைய டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்) அந்தக் கார்டை 1 ஜிபி என்று தவறாகப் படிக்கும், அல்லது மறுத்துவிடும். 1 ஜிபி என்று படித்துவிட்டால்தான் அபாயம். முதல் பாதியில் எழுதும்வரை எல்லாம் ஒழுங்காகப் போகும், அதன் பிறகு கெடும். 1 ஜிபி, 512 எம்பி கார்டுகளே இந்தக் கருவிகளுக்குப் பொருத்தம். இன்னும் பழைய கருவிகள் சில, எஸ்டிக்கு முந்திய எம்எம்சி கார்டை மட்டுமே ஏற்கும். எம்எம்சி 1.4 மிமீ தடிமன், எஸ்டி 2.1 மிமீ, மெல்லிய துளைக்குள் தடித்த கார்டை அழுத்தி நுழைக்கக் கூடாது.

ஃபார்மேட் விஷயத்தில் ஃபேட்16 போதும். கணினியில் செய்வதானால் 'ஃபேட்' என்பதைத் தேர்ந்தெடு, ஃபேட்32 வேண்டாம், எக்ஸ்ஃபேட் அறவே வேண்டாம். கருவியிலேயே ஃபார்மேட் செய்யும் வசதி இருந்தால் அதுவே மேல். ஃபேட்16-இல் தெரிந்து வைத்துக்கொள்ள இரண்டு எல்லைகள் உண்டு. மேல்மட்ட அடைவில் 512 பதிவுகள்தான் இருக்கலாம். நீண்ட பெயர் கொண்ட ஒரு கோப்பு இரண்டு மூன்று பதிவுகளைத் தின்றுவிடும். அதனால் இடம் நிறைய இருந்தும் 'இடமில்லை' என்று சொல்லும். எல்லாவற்றையும் துணை அடைவுகளுக்குள் தள்ளு, தீரும். இன்னொன்று, 2 ஜிபியில் ஒரு கிளஸ்டர் (ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம்) 32 கேபி. 1 கேபி குறிப்பு ஆயிரம் வைத்தால் 1 எம்பி அல்ல, 32 எம்பி போய்விடும். 256 எம்பி கார்டில் கிளஸ்டர் 4 கேபிதான். சிறு குறிப்புகளுக்குச் சிறு கார்டே சிக்கனம்.

பழைய கார்டுகளைத் தேடி வாங்கும்போது போலி அகப்படும். உறையிலோ கார்டின் மேலோ எழுதியிருப்பதை நம்பாமல், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஓட்டு. இரண்டும் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பவை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டைத் தரவுக்கு வைக்காதே.

கார்டில் முக்கியமானது ஏதாவது மாட்டிக்கொண்டிருந்தால், அதில் ஒரு பைட்கூட எழுதாமல் முதலில் முழுப் பிம்பம் (கார்டின் அச்சு அசலான நகல்) எடு. டிடிரெஸ்க்யூ என்ற நிரல் நன்றாகச் செய்யும். பிறகு அந்தப் பிம்பத்தின் மேல்தான் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்ற மீட்பு நிரல்கள் எல்லாம் ஓட வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் 'சரி' என்று அழுத்தி ஃபார்மேட் செய்துவிட்டு அதன் பிறகு மீட்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

'எழுத முடியாது' என்று மட்டும் வந்தால் கார்டின் ஓரத்து சிறு பூட்டைப் பார். அது வெறும் பிளாஸ்டிக் நகர்வு. கார்டுக்கு உள்ளே எதையும் தடுப்பதில்லை. துளைக்குள் இருக்கும் ஒரு சிறு சுவிட்ச்தான் அதன் நிலையைப் பார்த்துச் சொல்கிறது. அந்தச் சுவிட்ச் தேய்ந்துபோனால் பூட்டாத கார்டும் பூட்டியதாகத் தெரியும். பூட்டு தொளதொளத்தால் நகராதபடி சிறு துண்டு மெல்லிய டேப் ஒட்டு. தொடர்புப் பட்டைகளை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடு. பென்சில் அழிப்பான் வேண்டாம். தங்க முலாம் மிக மெல்லியது.

பாமில் நிரல்களைக் கார்டின் மேல்மட்டத்தில் போட்டால், நிரல்களைக் காட்டும் திரையான லாஞ்சரில் தெரியாது. 'பாம்' அடைவுக்குள் 'லாஞ்சர்' அடைவில் போட வேண்டும். ஐபேக்கில் வேறு குழப்பம்: கார்டு இல்லாத நேரத்தில் ஏதாவது நிரல் 'ஸ்டோரேஜ் கார்டு' என்ற பெயரில் ஓர் அடைவை நினைவகத்தில் உருவாக்கிவிட்டால், பிறகு வரும் உண்மைக் கார்டு 'ஸ்டோரேஜ் கார்டு2' ஆகிவிடும். கார்டில் இருக்கும் நிரல்களின் குறுக்குவழிகள் எல்லாம் அறுந்துபோகும். கார்டை எடுத்துவிட்டு, மிஞ்சியிருக்கும் போலி அடைவை அழித்து, சாஃப்ட் ரீசெட் (தரவு அழியாத மறுதொடக்கம்) செய்தபின் கார்டைப் போடு.

சையானுக்கும் ஐபேக்கின் இரண்டாவது துளைக்கும் எஸ்டி அல்ல, அதைவிடப் பெரிய காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு. அங்கே 50 ஊசிகள். கார்டை ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் ஊசி வளையும். டார்ச் அடித்துத் துளைக்குள் பார். வளைந்தது தெரிந்தால் கருவியை அணைத்து, பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மெல்லிய ஊசியால் மெதுவாக நிமிர்த்து. அடிக்கடி நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

இனி பேட்டரியே பழுது என்றால். இந்த மூன்றிலும் உன் கோப்புகள் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவகத்தில் இருக்கும். விண்டோஸ் மொபைல் 5.0 வந்த 2005-க்குப் பிறகுதான் ஐபேக் போன்ற பாக்கெட் பிசிகளில் மின்சாரம் போனாலும் தரவு தங்கியது. பாமை முழுக்க வடிய விட்டால் எல்லாம் போகும். எனவே முதல் வேலை, எதையும் திறப்பதற்கு முன் கார்டுக்கு முழு நகல் எடுப்பது. பாமைக் கணினியோடு ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் இன்றைய 64 பிட் விண்டோஸில் யூஎஸ்பி வழியே சண்டித்தனம் பண்ணும். கார்டுக்கு நகல் எடுக்கும் ஒரு நிரல் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

சையானில் ஏஏ இரண்டு, கூடவே சிஆர்2032 ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்காதே. ஏஏ போட்டிருக்கும்போதே சிஆர்2032-ஐ மாற்று, அதுதான் ஒழுங்கு. ஆல்கலைன் கசிந்து பச்சை, வெள்ளைப் படிவு இருந்தால் அது காரம்: வினிகர் ஒரு சொட்டு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடை. ரீசார்ஜ் ஏஏ போடுவதானால் ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட்தான், கருவியின் பேட்டரி அளவுகாட்டி 1.5-ஐ எதிர்பார்ப்பதால் நிறைந்த பேட்டரியையும் குறைந்ததாகக் காட்டும். வேறு சில கருவிகளில் உள் நாணயச் செல் ரீசார்ஜ் ஆகும் எம்எல் வகையாக இருக்கும். அதன் இடத்தில் சாதாரண சிஆர் செல்லை வைத்தால் கருவி அதைச் சார்ஜ் செய்ய முயலும், ஆபத்து. பொருத்தும் முன் எழுத்தைப் படி.

டங்ஸ்டனின் செல்லை மாற்றுகிறாய் என்றால்: உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம், அப்படியே எடுத்து மறுசுழற்சிக்குக் கொடு. செல்லின் மேல் 503450 மாதிரி ஓர் எண் இருக்கும். 5.0 மிமீ தடிமன், 34 அகலம், 50 நீளம் என்று பொருள். உறைக்குள் அரை மிமீ இடைவெளி மிஞ்சும் அளவு தேர்ந்தெடு. அந்த அளவில் 1000 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கே வரும். 2000 என்று அச்சடித்திருந்தால் பொய். பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லையே வாங்கு. இரண்டு கம்பிகளை ஒரே வெட்டில் வெட்டாதே, கத்தரி வழியே குறுக்குச் சுற்று (ஷார்ட்) ஆகிவிடும். ஒன்றை வெட்டி, டேப்பால் மூடி, அப்புறம் அடுத்தது. செல்லின் பட்டையில் நேராகச் சூடுவைத்து ஈயப் பற்று வைக்காதே. துருவம் மாறிவிட்டால் சார்ஜ் சிப் போய்விடும்.

மாதக்கணக்கில் 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை உயிர்ப்பிக்க முயலாதே. உள்ளே தாமிரம் கரைந்திருக்கும், சார்ஜ் ஏற்றும்போது உள் குறுக்குச் சுற்று வரலாம். இனிமேல் சும்மா வைப்பதானால் 40 சதவீதம் சார்ஜில், குளிர்ந்த இடத்தில், கார்டையும் வெளியே எடுத்து வை. துளையில் கிடக்கும் கார்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் இழுக்கும்.

ஐபேக் பேட்டரி பற்றி நீ எழுதியதில் ஒன்று தெளிவாக இல்லை. நேர், எதிர் முனைகளைத் தவிர மூன்றாவது ஒரு முனை உண்டு என்கிறாயே, அது வெப்பநிலை உணரியாக இருக்கும். அதற்கும் எதிர் முனைக்கும் இடையே மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார். இந்த மாதிரிப் பேட்டரிகளில் அறை வெப்பத்தில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில் வரும். கையில் பிடித்துச் சூடாக்கினால் குறைய வேண்டும். குறையாமல் திறந்த சுற்று காட்டினால் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் அதுதான், செல் அல்ல. அளந்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்