பைலட்டுக்கு எதுக்கு யூனியன்ண்ணு கேக்கறவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, மாசம் லட்சக்கணக்குல வாங்குற பைலட்டுக்கு எதுக்கு யூனியன், அவங்களுக்கு ரெஸ்ட் கூட்டிக் குடுக்கப் போய்த்தானே 2025 டிசம்பர்ல இண்டிகோவுல அத்தனை ப்ளைட் கேன்சல் ஆச்சுண்ணு. படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. வெட்டூர்ணிமடத்துல நான் டீ குடிக்கப் போற கடையிலயும் இதே பேச்சுதான், ரப்பர் பால் வெட்டுறவன் கூலி கூட்டிக் கேட்டா நியாயம் இருக்கு, இவனுவளுக்கு என்ன குறைச்சல்ண்ணு ஒரு அண்ணாச்சி சொன்னாரு.

நான் 22 வருசம் நாகர்கோவில் - சென்னை ஆம்னி பஸ் ஓட்டுனவன். ட்ரிப்புக்குத்தான் காசு, ஓடலேண்ணா இல்ல. ஒரு தடவை காய்ச்சலோட ரெண்டு நைட் தொடர்ந்து ஓட்டிட்டு வந்து மூணாவது நைட்டுக்கு முடியாதுண்ணு சொன்னேன், ஓனர் திட்டக்கூட இல்ல, "சரி, வீட்டுல இரி"ண்ணாரு, அதுக்கப்புறம் ஒரு மாசம் கூப்பிடல. அடுத்த தடவை காய்ச்சல் வந்தப்ப நான் வாயத் தொறக்கல. சென்னையில இருந்து திரும்பி வரும்போ கயத்தாறு பக்கம் விடியக்காலம் நாலு மணிக்கு கண்ணு ஒரு நிமிசம் சொருகிடிச்சு, வண்டிய ஓரங்கட்டி குடிக்க வச்சிருந்த தண்ணிய தலையில ஊத்திகிட்டு பின்னால திரும்பிப் பாத்தேன், 36 பேரும் நல்லா தூங்குறாங்க, ஒரு அம்மா மடியில கைப்புள்ள. அன்னைக்கு என் கை நடுங்குனது இப்பவும் ஞாபகம் இருக்கு. எங்களுக்கு யூனியன் கிடையாது, சொல்றதுண்ணா ஒத்தைக்குத்தான் சொல்லணும்.

என் தங்கச்சி மக இப்போ கோ-பைலட்டா இருக்கா, கம்பெனி பேரு வேண்டாம். மார்த்தாண்டம் பக்கம் அவங்களுக்கு இருந்த ரப்பர் விளைய வித்து மீதிக்கு பேங்க் லோன் போட்டு படிச்ச பிள்ளை. லைசென்சுக்கு 200 மணி நேரம் பறக்கணும், அதுக்கு மேல எந்த விமானம் ஓட்டப் போறாளோ அதுக்குத் தனியா டைப் ரேட்டிங்ண்ணு ஒரு ட்ரெயினிங், எல்லாம் சேத்து அரைக் கோடிக்கு மேல. அவ சம்பளத்துல ஒரு பங்குதான் நிலையானது, மிச்சம் பறக்குற மணிக்கணக்குக்கு. அந்த மணி, சக்கரத்துக்கு அடியில வச்ச கட்டைய எடுத்து விமானம் நகரும்போதான் தொடங்கும், போய் நின்னா முடிஞ்சுது. ஏர்போர்ட்ல ரிப்போர்ட் பண்ணி ப்ளைட் லேட்டாகி மூணு மணி நேரம் உக்காந்திருந்தா அது கணக்குல வராது. என் பேட்டா கணக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல.

லீவுல வீட்டுக்கு வந்தா பகல்ல தூங்குறதுக்கு ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டி வைப்பா. சாப்பிடும்போ சோத்துத் தட்டு பக்கத்துல போன வச்சிருப்பா, ரோஸ்டர், அதாவது டியூட்டி அட்டவணை, மாறுச்சுண்ணு சத்தம் வந்தா கை அங்க போயிரும். "மாமா, எனக்கு இன்னைக்கு தூக்கம் போதல, ஓட்ட முடியாதுண்ணு சொல்றதுக்கு ரூல்ல இடம் இருக்கு, ஆனா சொன்னா அந்த மாச காசும் குறையும், பேரும் கெடும்"ண்ணு சொன்னா. எனக்கு நம்ம ஓனர் சொன்ன "வீட்டுல இரி"தான் காதுல விழுந்துது.

நம்ம மாவட்டத்துல கல்ஃபுக்கு ஆளு போகாத தெரு எத்தனை இருக்கும் சொல்லுங்க, அவங்க வர்ற ப்ளைட்டுல பாதி நடுராத்திரி ஏறி விடியக்காலம் எறங்குறது. 2010 மே 22 மங்களூர் விமான விபத்த மறந்திருக்க மாட்டீங்க, துபாய்ல இருந்து வந்தது, 158 பேரு போயிட்டாங்க, 8 பேருதான் பிழைச்சாங்க. காக்பிட் ரெக்கார்டர்ல கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல தூங்குனது பதிவாயிருந்துதுண்ணு விசாரணை அறிக்கையிலயே இருக்கு, முழிச்சப்புறமும் அந்த தூக்கக் கலக்கம் விடல, கோ-பைலட் எறங்க வேண்டாம், திரும்ப மேல போலாம்ண்ணு சொல்லியும் கேக்கல. அமெரிக்காவுல 2009 பிப்ரவரியில பஃபலோ பக்கம் 50 பேரு செத்த விபத்துலயும் இதே கதைதான், அந்த கோ-பைலட் பொண்ணுக்கு சம்பளம் ரொம்பக் குறைவு, அப்பா அம்மா வீட்டுல இருந்துகிட்டு சியாட்டில்ல இருந்து ராத்திரி முழுக்க நாட்டத் தாண்டிப் பறந்து வந்து டியூட்டி பாத்தவ. சம்பளமும் தூக்கமும் வேற வேற விசயம் இல்லேண்ணு அப்பதான் நிறைய பேருக்குப் புரிஞ்சுது.

இப்போ டிசம்பர் விசயத்துக்கு வாறேன். வாரத்துக்கு 36 மணி நேரமா இருந்த ஓய்வ 48 ஆக்கணும், ராத்திரி லேண்டிங் 6ல இருந்து 2ஆ குறைக்கணும்ண்ணு விமானத்துறைய கண்காணிக்கிற அரசு அமைப்பு டிஜிசிஏ அறிவிச்சது 2024 ஜனவரியில. அத நடைமுறைக்குக் கொண்டுவர பைலட் சங்கங்க டெல்லி ஐகோர்ட் வரைக்கும் போச்சு, அப்புறம்தான் 2025 ஜூலை 1, நவம்பர் 1ண்ணு ரெண்டு கட்டமா வந்துது. கிட்டத்தட்ட ரெண்டு வருசம் டைம் இருந்துச்சு, அதுக்குள்ள ஆளு எடுத்து ட்ரெயினிங் குடுத்திருக்கணும். இண்டிகோவுல டிசம்பர் 5 அன்னைக்கு மட்டும் ஆயிரம் ப்ளைட்டுக்கு மேல கேன்சல், உடனே அந்த கம்பெனிக்கு ராத்திரி டியூட்டி விதியில பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு குடுத்தாங்க. ஆளு எடுக்காம விட்டது கம்பெனி, பழி மட்டும் ரெஸ்ட் கேட்டவன் மேல. இது எந்த ஊரு நியாயம்?

யூனியன் செஞ்சதெல்லாம் சரிண்ணு நான் சொல்ல வரல. 2012ல ஏர் இந்தியா பைலட்டுங்க 58 நாள் ஸ்ட்ரைக் பண்ணுனது புது ட்ரீம்லைனர் விமானத்துக்கு ட்ரெயினிங் யாருக்குண்ணு அவங்களுக்குள்ள இருந்த சண்டையில, அதுல கஷ்டப்பட்டது பயணிங்க, அத நான் அன்னைக்கும் ஆதரிக்கல. ஆனா 2024 ஏப்ரல்ல விஸ்தாரா பைலட்டுங்க கூட்டமா சிக் லீவு போட்டது வேற. பறந்தாலும் பறக்கலேண்ணாலும் மாசம் 70 மணிக்கு உறுதியா கிடைச்ச காச 40 மணியாக்கி புது கான்ட்ராக்ட்ல கையெழுத்து கேட்டாங்க, அதுக்கு முந்தின வருசம் ஏர் இந்தியாவுலயும் அதே 40 மணிதான், பழைய ரெண்டு யூனியனும் எதிர்த்தும் ஒப்பந்தத்த ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா அனுப்புனாங்க. லோன் கட்டுற பிள்ளை தனியா உக்காந்து அந்த பேப்பருக்கு என்ன பதில் எழுதும்? அமெரிக்காவுல பைலட்டுக்கு 1931லயே சங்கம் இருக்கு, அங்க உள்ள டெல்டா விமானக் கம்பெனி பைலட்டுங்களுக்கு 2023ல நாலு வருசத்துல 34 சதவீதம் கூட்டி ஒப்பந்தம் போட்டதும் அந்த சங்கம் உக்காந்து பேசித்தான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை ப்ளைட் கேன்சல்ண்ணு முதல் பக்கத்துல போடுறீங்க, ரொம்ப சரி. அது கூடவே அந்த கம்பெனி கடைசி ரெண்டு வருசத்துல எத்தனை பைலட் எடுத்துது, பைலட் சங்கத்தோட பேசுனாங்களா இல்லியாண்ணும் கேட்டு எழுதுங்க. விதியில இனி விலக்கு குடுக்கறதா இருந்தா சங்கத்தக் கேக்காம குடுக்கக் கூடாதுண்ணு டிஜிசிஏக்கும் எடுத்துச் சொல்லுங்க.

அடுத்த மாசம் என் மகன் மஸ்கட்ல இருந்து லீவுக்கு வாறான், ப்ளைட் திருவனந்தபுரத்துல எறங்குறது விடியக்காலம் நாலு மணிக்கு. நானும் அவன் அம்மாவும் ராத்திரியே காரு பிடிச்சுப் போய் வெளிய காத்து நிப்போம். அத ஓட்டிகிட்டு வர்ற பைலட்டுக்கு முந்தின நாள் தூக்கம் இல்லேண்ணா, முடியாதுண்ணு சொல்றதுக்கு அவருக்குப் பின்னால ஆளு இருக்கணும்.

இப்படிக்கு,
ஆம்னி பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்.